பதினொரு பிள்ளைகளின் வேன்

முப்பத்தெட்டு வயதில் நான் மறுபடியும் மாணவியானதை எங்கள் தோட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் சிரம்பானுக்குப் புறப்படும்போது யாராவது கேட்டால், "ஆபீஸ் வேலை" என்பேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். சம்பளப் பட்டியல், சாமான் பதிவு, லாரி, டிராக்டர், எல்லாப் புத்தகங்களும் என் மேசைக்கு வந்துதான் போகும். பாஸானால் ஊருக்குச் சொல்லலாம், பெயிலானால் ஆபீஸ் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவருக்கும், எட்டு வயது மகளுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். மகளுக்கு வாய்ப்பூட்டுப் போட ஐஸ்கிரீம் வாங்கித் தந்து வந்தேன்.

சிரம்பான் கல்லூரி வகுப்பில் எல்லோரும் இருபது சொச்சம் வயதுக்காரர்கள். முதல் நாளே ஒரு பையன் "ஆண்டி, இந்த இடம் காலியா?" என்று கேட்டான். "இல்லை" என்று சொல்லிப் பையை அந்த நாற்காலியில் வைத்தேன். அந்த நாற்காலி கடைசிவரை காலியாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

அந்தப் பருவத்தில் எனக்கு வாய்த்த பாடம் மேலாண்மைக் கணக்கியலும் கட்டுப்பாடும். பெயரைக் கேட்டால் தலை சுற்றும். பொருள் எளியது. எந்த இடத்தில் எவ்வளவு செலவாகிறது, அதனால் என்ன கிடைக்கிறது, அதற்கு யார் பொறுப்பு, சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. மாமியார் வேலைதான், ஆங்கிலத்தில் சொல்லித்தருகிறார்கள். பத்தொன்பது வருடமாக நான் எண்களை எழுதி மட்டும் வந்தவள். எழுதிய எண்ணைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்பது எனக்குப் புதிது. எனக்கு அந்தப் பாடம் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமைக்காக வாரம் முழுவதும் காத்திருந்தேன் என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார்.

விரிவுரையாளர் என்னைவிட ஆறு வயது இளைய பெண். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். வகுப்பில் ஆங்கிலம், வெளியே வந்தால் என்னோடு தமிழ். "அக்கா" என்று கூப்பிடுவார். பருவத்தின் பெரிய வேலையாக அவர் கொடுத்தது இதுதான்: வேலை செய்யும் இடத்தில் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு, அதன் செலவை ஆராய்ந்து, கட்டுப்பாடு சரியாக இருக்கிறதா என்று எழுதி, நிர்வாகத்துக்கு ஒரு பரிந்துரையும் தர வேண்டும்.

நான் தோட்டத்து வேனை எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து இருக்கை உள்ள வெள்ளை வேன். காலையில் எங்கள் பிள்ளைகள் பதினொரு பேரைப் பகாவ் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோகும், மதியம் திரும்பக் கூட்டிவரும். செலவைத் தோட்டம் ஏற்கும். அதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எங்கள் ஆபீசிலேயே சுத்தமான புத்தகம் வேன் புத்தகம்தான். தேதி, நேரம், பிள்ளைகள் எண்ணிக்கை, போன இடம். போன இடம் என்ற கட்டத்தில் மூன்று வருடமாக ஒரே வார்த்தை: பள்ளி. ஓர் அடித்தல் கிடையாது, ஒரு திருத்தம் கிடையாது.

அந்தச் சுத்தம் என் கைவரிசை. மூன்று வருடத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் தோட்டத்து வாசலில் நின்ற நேரம் பார்த்து வேன் உள்ளே நுழைந்தது. பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பெண் கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் இரண்டு கோழி. தணிக்கை அறிக்கையில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. எனக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. வேன் ஓட்டும் அண்ணனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டேன்.

"இது ஸ்கூல் வேன்தானே அண்ணே? பசார் லாரியா? இனிமே ஒரு ஆளு, ஒரு சாமான் ஏத்தக்கூடாது. புத்தகத்துல ஸ்கூலத் தவிர வேற ஒண்ணு பார்த்தேன், லெட்டர் குடுத்துருவேன்."

"சரி கிராணிம்மா" என்றார். அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. இது ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் என் அப்பாவோடு பால்மரம் வெட்டியவர். அன்று முதல் புத்தகம் பளிங்கு.

பளிங்குப் புத்தகத்தை வைத்து நான் கணக்குப் போட்டேன். டீசல், டயர், பழுது, காப்புறுதி, சம்பளம், எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தேன். ஒரு பிள்ளைக்கு விழுந்த செலவைப் பார்த்து நானே அசந்துபோனேன். வேனை நிறுத்திவிட்டுப் பெற்றோருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பரிந்துரை எழுதினேன். அந்தப் பதினொரு பேரில் என் மகளும் ஒருத்தி. பெற்ற மகள் என்றும் பாராமல் எழுதுகிறேனே, எப்பேர்ப்பட்ட நடுநிலை என்று என்மேல் எனக்கே பெருமை பொங்கியது. என் வீட்டு வாசலில் கார் நிற்கிறது, மற்ற பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் வீட்டில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் என்பது அந்தப் பெருமையில் தோன்றவே இல்லை.

வரைவைப் படித்த விரிவுரையாளர், "அக்கா, வகுப்பிலேயே இதுதான் திறம். இப்பிடியே தாங்கோ" என்றார். அன்று பகாவ் வரும்வரை காரில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

அடுத்தது மேனேஜர். தோட்டத்துத் தகவலைப் பயன்படுத்த அவருடைய கையெழுத்து வேண்டும். அவர் மலாய்க்காரர், முப்பது வயதைத் தாண்டிய சுறுசுறுப்பான ஆள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுவதையும் படித்தார். பிறகு தனக்கு ஒரு பிரதி கேட்டார். எல்லாத் தோட்டங்களிலும் செலவைக் குறைக்கச் சொல்லித் தலைமை அலுவலகம் நெருக்குகிறது, இது ரொம்ப உதவும் என்று மலாயில் பாராட்டினார். மறுநாளே அனுப்பியும் விட்டார். பள்ளி விடுமுறையோடு வேனை நிறுத்துவது பற்றி மாதக் கடைசிக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள் என்று பதில் வந்தது. என் எழுத்து தலைமை அலுவலகம்வரை போகிறதே என்று எனக்கு மகிழ்ச்சி.

அந்த வாரம்தான் வேனின் கியர்பாக்ஸ் போயிற்று. நான்கு நாள் பட்டறையில் நின்றது.

முதல் நாள் எதுவும் தெரியவில்லை. என் காரில் நான்கு பிள்ளைகளை ஏற்றிப்போய் விட்டேன். இரண்டாம் நாள் பட்டறைக்காரத் தம்பி ஆபீஸ் கவுண்டரில் வந்து நின்றான். பேரிங் இல்லாமல் டிராக்டர் நிற்கிறது, வெட்டிய குலைகள் ரோட்டோரம் கிடக்கின்றன என்றான்.

"கடைக்காரன்கிட்ட சொல்லி அனுப்பச் சொல்லு" என்றேன்.

"அவன் வரதுக்கு ஒரு வாரம் ஆகும் கிராணி. எப்பவும் நம்ம..." என்று தொடங்கியவன், சட்டென்று நிறுத்தி, "நானே மோட்டாருல போயிட்டு வரேன்லா" என்று போய்விட்டான்.

அன்று மத்தியானம் வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையிலிருந்து பால்மாவு தீர்ந்துவிட்டது என்று ஆள் வந்தது. மூன்றாம் நாள், உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் கிளினிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பிரஷர் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆகிறதாம். "வேன் எப்ப வரும் கிராணி?" என்று கேட்டார்.

"வேனுக்கும் ஒங்களுக்கும் என்னாக்கா? அது பிள்ளைங்க வேன்தானே?"

அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். "ஆமா கிராணி. பிள்ளைங்க வேன்தான்" என்று சொல்லி, அட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்.

நான் அவ்வளவு மக்கு இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டமே சேர்ந்து ஒரு ரகசியத்தை வைத்திருந்தது. தெரியாத ஒரே ஆள், எல்லாப் புத்தகத்தையும் பார்க்கிற நான். முதலில் கோபம்தான் வந்தது. பின்னாலேயே பயம் வந்தது, ஏனென்றால் என் அறிக்கை அனுப்பப்பட்டுவிட்டது.

அந்த அக்காவை என் காரில் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டு, நேராகப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் வேனுக்குப் பக்கத்தில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. வேன்ல என்னென்ன ஏத்தறீங்க?"

"பிள்ளைங்கள மட்டுந்தான் கிராணிம்மா. ரூல்ஸ் படிதான் ஓட்டறேன். வேணும்னா புத்தகத்தப் பாருங்க."

"புத்தகத்தப் பாத்துத்தாண்ணே வேன நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன்."

துணி அவர் கையிலேயே நின்றது. தன் வேலையைப் பற்றிக் கேட்பார், சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். "அப்ப பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் என்னை நம்பினார் போலும். வேனின் கடைசி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை இழுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுதலதான். ஆனா எதையும் தூக்கிப் போடல. சில்லறைத் தகராறு வந்தா காட்டணும்லா."

எங்கள் தோட்டத்தில் டவுனுக்குப் போகிறவரிடம் சாமான் சொல்லிவிடும் விதம் ஒன்று உண்டு. வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதற்குள் பணத்தை மடித்து வைத்துக் கையில் திணித்துவிடுவது. தோட்டத்தின் உட்பகுதிகளில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது, கிடைத்தாலும் போனில் காசை மடித்துக் கொடுக்க முடியாது. டின் முழுக்க அந்தச் சீட்டுகள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டபின் பகாவ் கடைகளில் அவர் வாங்கியவை எல்லாம் அதில் இருந்தன. கிளினிக்குக்குப் போகும் பெண்களைக் காலியான நான்கு இருக்கைகளில் ஏற்றி, என் ஆபீஸ் வளைவு வரும்போது குனிந்துகொள்ளச் சொல்வாராம்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தேன். பட்டறை ஒரு குவியல். ஆயாக் கொட்டகை ஒன்று. கிளினிக், மருந்துக்கடை ஒன்று. பட்டறைக் குவியல்தான் பெரியது. சீட்டின் தேதியை டிராக்டர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பழுதான அன்றோ மறுநாளோ டிராக்டர் ஓடியிருந்தது. வேன் இல்லாதிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நின்றிருக்கும். பள்ளி வேன் என்று நான் பதினொன்றால் வகுத்த செலவு பாதித் தோட்டத்தைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தது.

பிரித்துக்கொண்டே வந்தபோது தெரிந்த கையெழுத்து ஒன்று வந்தது. "பிரிண்டர் மை, கறுப்பு, இரண்டு. அவசரம்." என் கையெழுத்து. அப்புறம் இன்னொன்று. "இந்த நோட்டு, போட்டோஸ்டாட், இரண்டு பக்கமும்." வகுப்புக் குறிப்புகள். எண்ணினேன், ஒன்பது சீட்டு. ஒரு சாமான் ஏற்றக்கூடாது என்று சத்தம் போட்டவள் ஒன்பது முறை ஏற்றியிருக்கிறேன். அது நினைவில்கூட இல்லை. நான் கொடுத்தால் அவசரம், மற்றவர் கொடுத்தால் விதிமீறல். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? தனியாக உட்கார்ந்திருந்தும் வெட்கத்தில் முகம் சுட்டது.

விரிவுரையாளருக்குப் போன் செய்து அறிக்கையை மாற்ற வேண்டும் என்றேன்.

"அக்கா, இப்பவே நல்ல மார்க் இருக்கு. மாத்தினா பிந்தும். பிந்தினா நான் குறைக்கத்தான் வேணும், உங்களுக்கெண்டு விட ஏலாது."

"என் கணக்கு தப்பும்மா."

"கணக்கில பிழையில்லை. புத்தகத்தில இருந்ததை வச்சுத்தானே செய்தியள்?"

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தைத்தது. புத்தகம் அப்படி இருந்ததற்குக் காரணமே நான்தான். கட்டுப்பாடு என்ற பெயரில் நான் செய்ததெல்லாம், நடப்பதை நிறுத்தாமல் எழுதுவதை மட்டும் நிறுத்தியதுதான். புதிய அறிக்கையின் முதல் பக்கத்தில் அதை அப்படியே எழுதினேன். ஏற்றியது வேன் ஓட்டுநர், எழுதவிடாமல் மிரட்டியது நான், பயன் அடைந்தது தோட்டம். கீழே பிரிவு வாரியாகச் சீட்டுகளின் எண்ணிக்கை.

ஒரு வரியில்தான் கை நின்றது. மேனேஜர் பங்களா. சமையல் செய்யும் அம்மா வாரம் தவறாமல் மீனுக்குச் சீட்டுக் கொடுத்திருந்தார். அதை விட்டுவிடலாமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். என் ஒன்பதைச் சேர்த்துவிட்டு அவருடைய மீனை விட்டால் அதுவும் இன்னொரு பளிங்குப் புத்தகம்தான். சேர்த்தேன்.

டின்னையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரலாம். அண்ணனுக்கு வேலையே போகலாம். அவரிடம் கேட்காமல் போகவில்லை. "குடுங்க கிராணிம்மா. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போவட்டும்" என்று சொல்லியிருந்தார்.

மேனேஜர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"ஈக்கான் பூன் அடா?" என்றார். மீன்கூட இருக்கிறதா என்று கேட்கிறார்.

இருக்கிறது, வியாழக்கிழமைகளில் என்று மலாயில் சொன்னேன். அவர் காது சிவந்தது. அறிக்கையை வைத்துவிட்டுப் போங்கள் என்றார். அடுத்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மீனோடு அனுப்பினீர்களா என்று கேட்டேன். மீனோடுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

மாதக் கடைசிக் கூட்டம் முடிந்து பதில் வந்தது. வேன் ஆறு மாதம் ஓடலாம். ஏற்றுவதை எல்லாம் எழுத வேண்டும், செலவை அந்தந்தப் பிரிவு பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அதன்பிறகு பார்க்கலாம். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தேன், என் கோப்பில் இருக்கிறது. ஆறு மாதம்தானே என்று சலித்துக்கொள்ளத் தோன்றவில்லை. அன்று என் மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன், எட்டு வயதுப் பிள்ளை, இடுப்பு பிடித்துக்கொண்டது. சிரம்பானில் என் அறிக்கைக்கு, பிந்திய ஐந்து நாளுக்குக் குறைத்ததுபோக, நடுத்தரமான மதிப்பெண்தான் வந்தது. என்னை ஆண்டி என்று கூப்பிட்ட பையன் என்னைவிட அதிகம் வாங்கினான். கோபமாகத்தான் இருந்தது.

புதிய வேன் புத்தகத்துக்கு நானே கட்டம் போட்டேன். பிள்ளைகள் எண்ணிக்கை, வேறு ஆட்கள், சாமான், எந்தக் கணக்கு. அண்ணன் தலையைச் சொறிந்தார். "இம்புட்டுக் கட்டத்த நெரப்பறதா, வண்டி ஓட்டறதா?" ஆனால் ஒரே வாரத்தில் என்னைவிடக் கறாராகிவிட்டார். ஒரு பாக்கெட் ஊதுவத்திக்குக்கூட வரி எழுதினார். பெண்கள் என் ஆபீஸ் வளைவில் இப்போது குனிவதில்லை, கை காட்டுகிறார்கள்.

என் பரீட்சை ஒரு புதன்கிழமை காலையில். அன்றைக்கென்று என் கார் பேட்டரி செத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் வேனில் ஏறினேன், பகாவில் இறங்கி சிரம்பான் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று. "அம்மா, எம் பக்கத்துல உக்காராதீங்க, பிரெண்ட்ஸ் சிரிப்பாங்க" என்று என் மகள் காதில் சொன்னாள். பின்னால் போய் உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்துக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வாய்ப்பாடு முணுமுணுத்துக்கொண்டு வந்தது.

பஸ் நிலையத்தில் இறங்கும்போது அண்ணன் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"கிராணிம்மா, ஒங்கள எந்தக் கணக்குல எழுதறது? ஆபீஸா?"

"ஆபீஸ் இல்லண்ணே. சொந்த வேலை. சொந்தக் கணக்குல எழுதி காசு வாங்கிக்குங்க."

"பரீட்சையா?"

தலையை ஆட்டினேன்.

"ஒங்க நோட்ட போட்டோஸ்டாட் எடுத்தவனுக்குத் தெரியாதாலா? போங்க, நல்லா எழுதுங்க" என்றார்.

நன்றாகத்தான் எழுதினேன். முடிவு இன்னும் வரவில்லை.

மாதக் கடைசியில் வேன் புத்தகம் வழக்கம்போல் என் மேசைக்கு வந்தது. சிவப்புப் பேனாவோடு அந்தப் புதன்கிழமை வரிக்கு வந்தேன். வேறு ஆட்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு. எந்தக் கணக்கு என்ற கட்டத்திலும் ஒரு கோடு. அப்படியானால் என்னை எழுதவே இல்லையா என்று எரிச்சலோடு இடப்பக்கம் பார்த்தேன். பிள்ளைகள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் திங்கள் பதினொன்று. செவ்வாய் பதினொன்று. புதன், அவருடைய உருண்டைக் கையெழுத்தில், அடித்தல் இல்லாமல், பன்னிரண்டு.

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். பிறகு கீழே கையெழுத்துப் போட்டேன்.